எண்ணெயும் காற்றும்: கார்புரேட்டரின் கதை



விடிந்தும் விடியாத நேரம். வேலைக்குப் புறப்படும் ஒருவர் தம் பழைய காரின் சாவியைத் திருப்புகிறார். வண்டி இருமுகிறது, செருமுகிறது, ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போகிறது. அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். "கார்புரேட்டர் அடைச்சிருக்கும்" என்கிறார் ஒருவர். "அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க அண்ணே" என்கிறார் மற்றொருவர். தோட்டத்து லயங்களிலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும் சரி, இந்தக் காட்சியைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே.

கார்புரேட்டர் என்ற பெயரை நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால், அது என்ன வேலை செய்கிறது, அதை யார் உண்டாக்கினார்கள், அதனுள்ளே ஏன் இத்தனை ஊசிகளும் துளைகளும் திருகுகளும் இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டால் தயங்குகிறோம். இன்று விற்பனைக்கு வரும் புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. ஆயினும், பழைய கார்களிலும், பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்களிலும், நம் வீட்டார் தோளில் மாட்டிச் செல்லும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் அது இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. கார்புரேட்டரின் ஒவ்வோர் உறுப்பும், ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்கு ஏற்பட்ட ஒரு கோளாற்றுக்கு விடையாகப் பிறந்தது. ஆகவே வரலாற்றை அறிந்தவர் கோளாற்றையும் அறிவார்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைக் காண்போம். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். அதுவும் எப்படிக் கலந்தாலும் போதாது. எடைக்கு எடை பார்த்தால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது சிறிதாகத் தோன்றும். அளவில் சொன்னால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. காற்று குறைந்தால் புகை கறுக்கும், எண்ணெய் வீணாகும். காற்று மிகுந்தால் இஞ்சின் வலுவிழக்கும், சூடேறும், நின்றுபோகும். அடுப்பில் விறகை நெருக்கி அடைத்தால் புகைவதையும், பெருங்காற்றில் அடுப்பு அணைவதையும் நம் வீட்டுத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். அதே கணக்குதான் இங்கும். இந்தக் கலவையைச் செய்து இஞ்சினுக்குக் கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனி நாட்டில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு இஞ்சினை இயக்கிக் காட்டினார். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை. அதே 1876-ஆம் ஆண்டில்தான் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த செடிகளுள் 22 செடிகள், மறு ஆண்டு, 1877-இல், சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. இஞ்சினும் ரப்பரும் ஒரே ஆண்டில் பயணம் தொடங்கியதை யாரும் திட்டமிடவில்லை. ஆனால், பின்னாளில் அவை இரண்டும் சந்தித்தபோது நம் முன்னோரின் வாழ்க்கையே மாறியது. அதைப் பிறகு சொல்வோம்.

ஆட்டோவின் இஞ்சின் நிலக்கரி வாயுவால் ஓடியது. நகரத்துத் தெருவிளக்குகளுக்குக் குழாய் வழியே வந்த அதே வாயு. தொழிற்சாலையில் ஓரிடத்தில் நிற்கும் இஞ்சினுக்கு அது போதும். சாலையில் ஓடும் வண்டியால் வாயுக் குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே, புட்டியில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு திரவ எரிபொருள் வேண்டும். அதைப் போகிற வழியிலேயே ஆவியாக்கும் ஒரு கருவியும் வேண்டும். இந்தத் தேவையிலிருந்து கார்புரேட்டர் பிறந்தது.

கார்ல் பென்ஸ் 1885-ஆம் ஆண்டில் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து, 1886 ஜனவரி 29-ஆம் நாள் அதற்கு உரிமைக் காப்பு கோரினார். அதில் இருந்த கார்புரேட்டர் மிக எளியது. சுமார் 4.5 லிட்டர் எண்ணெய் கொள்ளும் ஒரு பாத்திரம். அந்த எண்ணெயின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று ஆவியை அள்ளிக்கொண்டு இஞ்சினுக்குள் போகும். வேறு சிலர், விளக்குத் திரி போன்ற திரிகளை எண்ணெயில் நனைத்து, அவற்றின் ஊடே காற்றைச் செலுத்தினர்.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. எண்ணெயில் இலேசான பகுதியும் உண்டு, கனமான பகுதியும் உண்டு. இலேசானது முதலில் ஆவியாகிவிடும். கனமானது அடியில் தங்கிவிடும். ஆகவே காலையில் நன்றாக ஓடிய வண்டி, மாலையில் அதே எண்ணெயில் முக்கும், முனகும்.

பென்ஸின் வண்டியை வாங்க யாரும் முன்வராத நிலையில், 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு துணிகரமான காரியம் செய்தார். கணவரிடம் சொல்லாமல், 15 வயது மகனையும் 13 வயது மகனையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தை அந்த வண்டியிலேயே கடந்தார். வழியில் எண்ணெய் தீர்ந்தது. அப்போது எண்ணெய் நிலையம் ஏது? வீஸ்லோக் என்னும் சிற்றூரில் ஒரு மருந்துக் கடையில், கறை போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். எண்ணெய் அடைப்பைக் கண்டுபிடித்து வழியிலேயே தீர்த்ததாக வரலாறு பதித்திருக்கும் முதல் கார் ஓட்டுநர் ஒரு குடும்பப் பெண் என்பதை நம் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும்.

இதே 1888-ஆம் ஆண்டில் மேலும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்றடைத்த ரப்பர் சக்கர வளையத்திற்கு உரிமைக் காப்புப் பெற்றார். ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்து பொறுப்பேற்றார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் இந்த ரிட்லிதான்.

மீண்டும் கார்புரேட்டருக்கு வருவோம். மேற்பரப்பு முறையின் குறையை நீக்கியவர்களுள் முதன்மையானவர் வில்ஹெல்ம் மைபாக். 1846-ஆம் ஆண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்து, ராய்ட்லிங்கன் என்ற ஊரில் இருந்த ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தார். அவ்வில்லத்தில் ஒரு தொழிற்பட்டறையும் இருந்தது. அங்கே பொறுப்பாளராக வந்த காட்லீப் டைம்லர் இந்த இளைஞனின் கைத்திறனையும் வரைபடத் திறனையும் கண்டு தம்மோடு சேர்த்துக்கொண்டார். மைபாக் 1893-ஆம் ஆண்டில் தெளிப்பு முறைக் கார்புரேட்டரை உருவாக்கினார். அதே 1893-ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் டொனாட் பான்கி, யானோஸ் சோன்கா ஆகிய இருவரும் தனியே சிந்தித்து அதே வகைக் கருவிக்கு உரிமைக் காப்புக் கோரினர். ஒரே சிக்கலை வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் கருத்தூன்றிச் சிந்தித்தால் ஒரே விடைக்கு வந்து சேர்வதுண்டு.

இந்தத் தெளிப்பு முறை எப்படி வேலை செய்கிறது? கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தள்ளும்போது காற்று வேகமாக வெளியேறுகிறது. அதன் பாதையில் ஒரு சிறு குழாயின் நுனி இருக்கிறது. வேகமாகச் செல்லும் காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால், டப்பாவில் உள்ள மருந்து தானாக மேலேறிச் சாரலாகத் தெறிக்கிறது. கார்புரேட்டரும் இப்படித்தான். இஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே பாய்கிறது. ஆறு ஒடுங்கும் இடத்தில் நீரோட்டம் விரைவாவது போல அங்கே காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது. அங்கே வைத்துள்ள ஜெட் என்னும் நுண்துளைக் குழாயிலிருந்து பெட்ரோல் சாரலாகப் பாய்ந்து காற்றில் கலக்கிறது. குறுகிய கழுத்தில் அழுத்தம் குறையும் இவ்வுண்மையை 1797-இல் விளக்கி எழுதியவர் இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி. அதனால் அந்தக் கழுத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

எண்ணெய் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் ஜெட்டிலிருந்து வழியும்; இறங்கினால் வராது. அதற்காக ஒரு சிறு அறையில் மிதவை வைக்கப்பட்டது. நம் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்கிறது. மட்டம் உயர்ந்தால் மிதவை ஓர் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும்.

ஆனால், ஒரு துளையால் எல்லா வேளைக்கும் சரியான கலவையைத் தர முடியவில்லை. காலைக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. அப்போது காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்டச் 'சோக்' என்ற மூடி வந்தது. வண்டி நின்றபடி மெல்ல ஓடும்போது கழுத்தில் காற்று விரைவதில்லை, சாரல் எழாது. அதற்காகத் தனியே ஒரு சிறிய ஜெட் வந்தது. திடீரென மிதியை அழுத்தினால் காற்று முந்திக்கொள்ளும், எண்ணெய் பிந்திவிடும், இஞ்சின் திக்கும். அதற்காக ஒரு சிறு பம்பு வந்தது. சோலக்ஸ், ஜெனித், வெபர் முதலிய பெயர்களில் வந்த கார்புரேட்டர்கள் பலவற்றில் இவ்வுறுப்புகளைக் காணலாம்.

இங்கிலாந்தில் வேறொரு வழி பிறந்தது. ஸ்கின்னர் என்ற சப்பாத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள், 1905-ஆம் ஆண்டு வாக்கில், 'துளையைப் பலவாக்குவானேன்? கழுத்தையே விரியவும் சுருங்கவும் செய்தால் என்ன?' என்று எண்ணினர். இஞ்சின் அதிகம் மூச்சிழுத்தால் ஓர் உருளை மேலே எழும், காற்றுவழி பெரிதாகும். அந்த உருளையின் அடியில் நுனி சிறுத்த ஊசி ஒன்று ஜெட்டுக்குள் நிற்கும். உருளை எழும்போது ஊசியும் எழுவதால் எண்ணெய் வழியும் அதே அளவுக்கு விரியும். முதலில் இந்த உருளைக்குப் பதிலாகத் தோலால் ஆன துருத்தியையே வைத்தார்கள். சப்பாத்து வணிகருக்குத் தோல்தானே கைக்கெட்டிய பொருள்! எஸ்.யூ. என்று பெயர் பெற்ற இந்தக் கார்புரேட்டர்தான், 1948-இல் வெளிவந்து மலாயாவின் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் கார்களிலும் இருந்தது.

இப்போது முன்னே விட்ட கதையைத் தொடர்வோம். கார்புரேட்டர் நம்பகமான கருவியாக ஆனபின் கார்கள் பெருகின. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் தொடங்கிய டி மாடல் கார், 1927-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. ஒவ்வொரு காருக்கும் ரப்பர் சக்கரங்கள் வேண்டும். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் தோட்டம் போட்டபோது கேலி செய்தவர்களும், 1910-இல் ரப்பர் விலை வானளாவ ஏறியபோது காடழித்து ரப்பர் நட விரைந்தனர். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றார்கள். ஆள் கொண்டுவரும் செலவுக்கென்று 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறியதற்கும், மைபாக்கின் பட்டறையில் ஒரு நுண்துளை வழியே பெட்ரோல் சாரலாகப் பாய்ந்ததற்கும் தொடர்பு உண்டு. அவர்கள் சீவிய பாலில்தான் உலகத்துக் கார்கள் உருண்டன. அவர்களுள் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர் மிகச் சிலரே. இன்று நம் வீட்டு வாசலில் ஒரு பழைய வண்டியாவது நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1940-ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களின் இஞ்சின்களில் எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இருந்தன. எதிரியைத் துரத்தி மூக்கைத் திடீரெனக் கீழே சாய்த்தால், மிதவை அறையின் எண்ணெய் மேற்புறம் ஓடிவிடும். இஞ்சின் ஒரு கணம் விக்கும். பின்பு எண்ணெய் வெள்ளமாகப் புகுந்து இஞ்சின் மூச்சுத் திணறும். ஜெர்மானிய விமானங்களில் எண்ணெயைப் பீச்சும் முறை இருந்ததால் அவற்றுக்கு இத்துன்பம் இல்லை. உயிர் போகும் கோளாறு இது. இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். நடுவில் அளவான துளையிட்ட சிறிய பித்தளை வில்லை ஒன்றை எண்ணெய் வழியில் பொருத்தினார். இஞ்சினின் முழு வலுவுக்குத் தேவையான எண்ணெய் மட்டும் அதன் வழியே செல்லும், வெள்ளம் புகாது. 1941-ஆம் ஆண்டில் அவரே சிறு குழுவோடு விமானத் தளங்களுக்குச் சென்று அதைப் பொருத்தினார். ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர் அவர். இஞ்சின் எந்தக் கணத்தில் எப்படித் திணறுகிறது என்று அறிந்துகொண்ட பிறகே அவர் வில்லையைச் செய்தார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இதை நாம் நம் அனுபவத்திலேயே உணர்ந்தோம். நண்பர் ஒருவரின் பழைய கார், நின்று ஓடும்போது நடுங்கியது, அவ்வப்போது அணைந்துபோனது. நாம் படித்தவர் என்ற தைரியத்தில் திருப்புளியை எடுத்துக் கலவைத் திருகைத் திருப்பினோம். எண்ணெயைக் கூட்டினோம். நடுக்கம் சற்றே அடங்கியது. வென்றோம் என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் வண்டி கறும்புகை கக்கியது. எண்ணெய்ச் செலவு ஏறியது. மறுபடியும் திருகினோம், மறுபடியும் நடுக்கம். மூன்றாம் முறை திருப்புளியோடு குனிந்தபோது, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம் பள்ளி மாணவி ஒருத்தி, "சார், அந்தப் பக்கம் பாம்பு சீறுற மாதிரி சத்தம் கேக்குது" என்றாள். காது கொடுத்துக் கேட்டோம். உண்மைதான். இஞ்சினிலிருந்து பிரேக்குக்குச் செல்லும் ரப்பர் குழாய் காலத்தால் வெடித்து, அதன் வழியே காற்று களவாக உள்ளே புகுந்துகொண்டிருந்தது. கலவை கெட்டது அதனால்தான். கார்புரேட்டர் குற்றமற்றது. நாம்தான் ஒரு கோளாற்றை மறைக்க இன்னொரு கோளாற்றை உண்டாக்கியிருந்தோம். அந்தக் குழாய் பிரேக்குக்கு உதவும் குழாய் என்பதால், பெரிய விபத்தே நேர்ந்திருக்கலாம். பால்மரம் வெட்டும் தாயின் மகள் அவள். ரப்பரின் வெடிப்பை அவள்தான் கண்டாள்.

ஆகவே நேயர்களே, ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருந்து தர வேண்டும் என்ற வள்ளுவர் கருத்து இயந்திரத்துக்கும் பொருந்தும்.

முதலாவது, எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். தொட்டியில் எண்ணெய் உண்டா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, மிதவை அறையில் தண்ணீர் தங்கியிருக்கிறதா? தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது. அடியில் போய் நிற்கும்.

இரண்டாவது, பிளக்கில் நெருப்புப் பொறி நன்றாக விழுகிறதா, பழைய வண்டியானால் பாயிண்ட் இடைவெளி சரியா என்று பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று பழி சுமத்தப்படுபவற்றில் பல உண்மையில் பொறிக் கோளாறுகளே.

மூன்றாவது, காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறதா, எங்காவது சீறல் ஒலி கேட்கிறதா, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது, பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பாருங்கள். கரி படிந்து கறுத்திருந்தால் எண்ணெய் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பு நிறமே நலம்.

இவையெல்லாம் சரியாக இருந்து, கோளாறு தீராவிட்டால் மட்டுமே கார்புரேட்டரைத் தொடுங்கள். எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தால் மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம். ஜெட் அடைத்திருந்தால் காற்றூதிச் சுத்தம் செய்யுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். பெர்த்தா அம்மையார் ஊசியால் குத்தியது எண்ணெய்க் குழாயை. ஜெட்டோ மெல்லிய பித்தளை. கம்பி பட்டால் துளை பெரிதாகும். பிறகு எத்தனை திருகினாலும் கலவை சரியாகாது.

கலவையைச் சீர்செய்யும் முன் இஞ்சின் நன்கு சூடாகியிருக்க வேண்டும். சோக் முழுவதும் விடுபட்டிருக்க வேண்டும். திருகை எத்தனை சுற்று திருப்புகிறோம் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிதளவு மட்டும் மாற்றுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஓர் அழகிய சோதனை உண்டு. இஞ்சின் மெல்ல ஓடும்போது உருளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் எண்ணெய் அதிகம். உடனே வேகம் குறைந்து அணையப் பார்த்தால் எண்ணெய் குறைவு. ஒரு கணம் சற்றே ஏறிப் பின் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. காதும் பொறுமையும் போதும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றும். வேலை நடக்கும் இடத்தில் சுருட்டும் கூடாது, சாமி விளக்கும் கூடாது. வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைக் குடித்துவிடும்.

இவ்வளவு பயன்பட்ட கார்புரேட்டர் ஏன் புதிய கார்களிலிருந்து மறைந்தது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய கண்ணெரிச்சல் புகைமூட்டத்திற்குக் காரணம் தேடியவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர். அதற்குமுன் அவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கார்களிலிருந்து எரியாமல் வெளியேறும் எண்ணெய் ஆவியும் பிற வாயுக்களும் சூரிய ஒளியில் மாறுதலடைவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். 1970-இல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் இயற்றியது. புகையைத் தூய்மையாக்கும் கருவி சரிவர வேலை செய்ய, அந்த 14.7 என்ற கணக்கு நொடிக்கு நொடி பிசகாமல் இருக்க வேண்டும். துளையும் ஊசியும் கொண்டு அவ்வளவு நுட்பம் காட்ட இயலவில்லை. 1967-இல் மின்னணு முறையில் எண்ணெய் பீச்சும் கருவி ஜெர்மன் கார்களில் வந்தது. 1976-இல் வெளிப்புகையை முகர்ந்து கலவையைத் திருத்தச் சொல்லும் உணர்கருவி வந்தது. நம் நாட்டில் 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் கார்புரேட்டரே இருந்தது. பின்பு இங்கும் பீச்சு முறையே நிலைபெற்றது.

ஆயினும், புதிய காரின் கணினி செய்வதும் மைபாக் செய்த அதே வேலைதான்: எண்ணெயையும் காற்றையும் அளவறிந்து கலப்பது. பழையதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் புதியது அச்சம் தராது. தச்சர் மகனும், சப்பாத்து வணிகரும், பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாயும் வளர்த்த கலை இது. ஆகவே பெற்றோர்களே, வீட்டு வண்டியின் மூடியைத் திறக்கும்போது பிள்ளைகளை விரட்டாதீர்கள். மகனை அழைப்பதுபோல் மகளையும் அழையுங்கள். திருப்புளியைக் கொடுக்கும் முன், இஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நாம் கேட்கத் தவறிய சீறலை அவர்கள் கேட்கக்கூடும்.